பெட்டியில் வரும் மரக் கோழிக்கூடு: பினாங்கு வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?

இணையக் கடையில் கோழிக்கூடு என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரே வடிவம்தான். ஒரு பக்கம் கால் வைத்து உயர்த்திய சிறு மர வீடு, அதிலிருந்து இறங்கும் ஏணிப் பலகை, மறுபக்கம் கம்பி வலை போட்ட முற்றம், வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் முட்டைப் பெட்டி. தட்டையான அட்டைப்பெட்டியில் பலகைகளாக வரும், திருகு முடுக்கி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். வெவ்வேறு பெயர்களில் விற்றாலும் அளவும் குறையும் அநேகமாக ஒன்றே. இங்கே எடுத்துக்கொண்டது நீளம் 150 செ.மீ., அகலம் 62 செ.மீ., உள்ளே படுக்கும் அறை 58 செ.மீ.க்கு 60 செ.மீ. உள்ள நடுத்தர அளவு. தரை வீட்டின் பின்கட்டில் இரண்டு மூன்று கோழி வளர்க்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கூடையில் போடுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வந்தபடியே பூட்டிக் கோழியை விட இந்தக் கூடு தகாது. கீழே சொல்லும் மாற்றங்களைச் செய்தால் இரண்டு பெட்டைகளுக்கு நல்ல படுக்கையாகும். மூன்று கோழி என்றால் வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தை வெல்டிங் பட்டறைக்குக் கொடுப்பது மேல்.

இது குளிர்நாட்டு வடிவம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டையும் தாடியும் சூட்டை வெளியேற்றும், அது போதாதபோது வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். 30 டிகிரிக்கு மேல் போனாலே இளைக்கத் தொடங்கிவிடும். மலேசியாவின் பினாங்கில் பகல் 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, காற்றிலோ எப்போதும் ஈரம். இந்தக் கூட்டின் படுக்கும் அறையில் நான்கு பக்கமும் பலகை. கைக்குட்டை அளவுக்கு ஒரு சன்னல், மேலே கருப்புத் தார்த்தாள் ஒட்டிய கூரை. பனி பெய்யும் ஊரில் இது கதகதப்பு, நம் ஊரில் அடுப்பு. நம் வீடுகளில் ஒரு காலத்தில் கோழியைக் கவிழ்த்து மூடிய மூங்கில் பஞ்சாரத்தை நினைத்துப் பாருங்கள். காவலுக்கு அது போதாது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே வரும். அந்தக் காற்றோட்டத்தை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

எத்தனை கோழி என்ற கணக்கு

நடமாடும் இடத்தில் ஒரு கோழிக்கு 10 சதுர அடி என்பது வீட்டுக் கோழி வளர்ப்பவர்கள் பரவலாகக் கொள்ளும் அளவு. இந்தக் கூட்டின் அடிப்பரப்பு முழுவதையும், உயர்த்திய அறைக்குக் கீழே உள்ள தரையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 0.93 சதுர மீட்டர், அதாவது சரியாக 10 சதுர அடிதான். விளம்பரத்தில் ஆறு கோழிக்கு என்று போட்ட கூட்டில் நடமாட இடம் ஒரு கோழிக்குத்தான் இருக்கிறது. கோழி கூட்டமாக வாழும் பறவை, ஒற்றையாக வளர்ப்பது பாவம். ஆக, இரண்டு கோழிக்கே கூடுதலாக ஒரு சதுர மீட்டர் முற்றத்தை ஒட்டவைக்க வேண்டும், அல்லது நாளுக்குச் சில மணி நேரம் பின்கட்டில் திறந்துவிட வேண்டும்.

படுக்கும் அறையில் உட்காரும் கட்டையின் நீளம் 58 செ.மீ. ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. வேண்டும். இரண்டு உட்காரலாம், மூன்றாவது முட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும். இடம் நெருக்கமானால் ஒன்றையொன்று கொத்தும், சிறகைப் பிடுங்கும். இரத்தம் வந்த இடத்தை மற்ற கோழிகள் விடவே விடாது. கொத்து விழுந்த பிறகு மருந்து தேடுவதைவிட எண்ணிக்கையைக் குறைத்து வாங்குவதே நல்லது.

பூட்டும் முன்

பலகைகளை எடுத்து உடனே முடுக்கிவிடத் தோன்றும். பொறுங்கள், முதலில் சாயம். வரும் மரம் ஊசியிலை மரம், லேசானது, பூச்சுப் பெயரளவுக்குத்தான் இருக்கும். மழையில் வெட்டுமுனைகள் தண்ணீரை உறிஞ்சும், அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். தண்ணீர் கலக்கும் வகை வெளிப்புற மரச்சாயத்தை இரண்டு கை பூசுங்கள். கால்களின் அடிமுனைக்கு மூன்று கை. பூட்டிய பிறகு இந்த முனைகளுக்குத் தூரிகை எட்டாது. வாசனை முழுவதும் போகும்வரை நான்கைந்து நாள் நிழலில் காயட்டும்.

உடன் வரும் திருகுகள் 3 செ.மீ. நீளமே இருக்கும், முலாமும் மெல்லியது. மென்மரத்தில் இரண்டாவது முறை கழற்றி முடுக்கினால் பிடி விட்டுப்போகும். கடல் காற்று படும் பட்டர்வொர்த், தஞ்சோங் பூங்கா போன்ற இடங்களில் சீக்கிரமே துருவும் ஏறிவிடும். 4 மி.மீ. தடிமனில் 40 மி.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் திருகு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் 2.5 மி.மீ. துளை போட்டுவிட்டு முடுக்கினால் பலகை பிளக்காது.

எல்லாப் பக்கங்களும் நிற்கும்வரை எந்தத் திருகையும் இறுக்க வேண்டாம். நின்ற பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கூடு நேராக நிற்கிறது என்று அர்த்தம். 5 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கதவு சட்டத்தில் உரசும். முதல் மழையில் மரம் உப்பியதும் திறக்கவே வராது. கதவைச் சுற்றி 3, 4 மி.மீ. இடைவெளி விட்டே கீல் மாட்டுங்கள்.

காற்று, கூரை, வெயில்

படுக்கும் அறையின் நீளப் பக்கங்கள் இரண்டிலும் மேல்பாதியை, ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்துக்கு, அறுத்து எடுத்துவிட்டு அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். கீழ்ப்பாதிப் பலகை அப்படியே இருக்கட்டும், உட்கார்ந்திருக்கும் கோழியின் மேல் நேராகச் சாரல் அடிக்காமல் அது காக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து தேங்கிவிடும். எதிரெதிர் இரண்டு பக்கமும் திறந்தால்தான் ஓடும்.

திறந்தாயிற்று என்றால் கூரை நீள வேண்டும். வரும் கூரை பலகையைத் தாண்டி 5 செ.மீ.தான் நீண்டிருக்கும். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதன் உச்சம். விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்று மழையைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்து அடிக்கும். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழைதான் பிரச்சினை. எங்கே இருந்தாலும் பக்கத்துக்கு 45 செ.மீ. வெளியே நீட்டி மேலே ஒரு தகரக் கூரை போடுவதே சரியான வழி. பழைய கூரைக்கும் தகரத்துக்கும் நடுவே 5 செ.மீ. உயரச் சட்டம் வையுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் தகரத்தின் சூடு அறைக்குள் இறங்காது. முற்றத்தையும் சேர்த்து ஒரே சரிவாகப் போட்டால் தரை ஈரமாகாது, நாற்றப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தகரம் போடும் முன் தார்த்தாளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெயிலில் அது இளகும், ஆணித் துளைகள் வழியாக ஒழுகும். அதைவிடப் பெரிய தொல்லை கோழிச் சிற்றுண்ணி. அது பகலில் தாளுக்கு அடியிலும் பலகை இடுக்குகளிலும் ஒளிந்துகொண்டு இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழி காரணமில்லாமல் மெலிந்து கொண்டை வெளுத்தால், இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்து உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பலும் சிவப்புமாகப் பொட்டுப்பொட்டாக நகர்ந்தால் அதுதான்.

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும். வரிசை வீட்டின் பின்கட்டில் திசையைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் மேற்குப் பக்கத்தில் ஒரு நிழல் வலையாவது கட்டுங்கள்.

வலையும் தாழ்ப்பாளும்: காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கூட்டோடு வரும் அறுகோண வலை முறுக்கிய மெல்லிய கம்பி. கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் ஒரே கடியில் பிய்த்துவிடும். ஓர் அங்குலக் கண்ணில் எலியும் குட்டிப் பாம்பும் நுழைந்துவிடும். நம் ஊரில் இரவில் வருபவை மரநாயும் மலைப்பாம்பும், பகலில் முட்டை தேடி வருவது உடும்பு. ஆயர் ஈத்தாம், பாலிக் பூலாவ், புக்கிட் மெர்தாஜம் மலையடிவாரம் போன்ற இடங்களில் குரங்கும் சேரும்.

அரை அங்குலச் சதுரக் கண், பற்றவைத்த கம்பி, பற்றவைத்த பிறகு துத்தநாகத்தில் தோய்த்தது. கடையில் இப்படிச் சொல்லிக் கேளுங்கள். கம்பித் தடிமன் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 90 செ.மீ. அகலச் சுருளில் 7 மீட்டர் போதும். முற்றத்தின் பக்கங்களுக்கும் மேலுக்கும் இரண்டரை மீட்டர், காற்றுத் திறப்புகளுக்கு அரை மீட்டர், தரையைச் சுற்றி விரிக்க 3 மீட்டர், சேதாரம் ஒரு மீட்டர். தரைக்கு விரிப்பதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி 45 செ.மீ. அகலப் பட்டைகளாக்கிக் கூட்டின் அடிச்சட்டத்தோடு திருகிவிடுங்கள். மீதி வெளிப்புறமாகத் தரையில் படுத்திருக்கட்டும், அதன்மேல் கல்லோ மண்ணோ போட்டு மூடுங்கள். உடும்பும் நாயும் சுவரோரமாகத்தான் தோண்டத் தொடங்கும். வலை தட்டியதும் பின்வாங்கித் தோண்ட அவற்றுக்குத் தெரியாது. சிமெண்டுத் தரை என்றால் இந்தப் பட்டை தேவையில்லை.

வலையை ஸ்டேப்பிள் ஊசியால் மட்டும் அடிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. வெளியிலிருந்து தள்ளினால் ஊசி கழன்றுவிடும். 15 செ.மீ.க்கு ஒரு திருகு, அதற்கு அடியில் அகல வாஷர், அல்லது வலையின் மேல் ஒரு மெல்லிய மரப்பட்டி வைத்துத் திருகுங்கள்.

தாழ்ப்பாள் விஷயத்தில் இந்தக் கூடு மிகவும் மோசம். கதவுக்குச் சுழலும் மரத்துண்டு, முட்டைப் பெட்டி மூடிக்கும் எச்சத் தட்டுக்கும் எதுவுமே இல்லை. மரநாய் மூக்கால் தூக்கினாலே மூடி திறந்துகொள்ளும். ஒவ்வொரு திறப்புக்கும் கொண்டி மாட்டி, அதில் சுருள்வில் கொக்கியோ சிறு பூட்டோ போடுங்கள். குரங்கு வரும் இடத்தில் பூட்டுத்தான்.

மலைப்பாம்பு உள்ளே புகுந்து கோழியை விழுங்கிவிட்டால் வயிறு உப்பி, வந்த வழியே திரும்ப முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். அடித்துக் கொல்லாதீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிர். 999-க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்புப் படையோ வந்து பிடித்துச் செல்வார்கள்.

உள்ளே

உட்காரும் கட்டை தரையோடு தரையாக, முட்டைப் பெட்டியின் மட்டத்திலேயே வருகிறது. கோழி இரவில் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் உறங்கும். கட்டை தாழ்ந்திருந்தால் முட்டைப் பெட்டியில் படுத்து எச்சமிடும், காலையில் அழுக்கு முட்டைதான் கிடைக்கும். கட்டையை 20 செ.மீ. உயர்த்தி இரண்டு கோணத் தகட்டில் நிறுத்துங்கள். 5 செ.மீ. அகலமுள்ள சட்டத்தின் மேல் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிட்டால் போதும். வழவழப்பான பிவிசி குழாய் வேண்டாம், கால் பிடிக்காது.

முட்டைப் பெட்டி 30 செ.மீ. சதுரம். இதில் குறையில்லை, நான்கு பெட்டைக்கே ஒன்று போதும். வெளியிலிருந்து மூடியைத் திறந்து முட்டை எடுக்க முடிவது இந்தக் கூட்டின் நல்ல அம்சங்களில் ஒன்று. ஆனால் மூடியின் கீல் இடுக்கில் மழை ஒழுகும். பழைய சைக்கிள் டியூபை ஒரு கை அகலத்துக்கு வெட்டிக் கீலின் மேல் அடித்துவிடுங்கள்.

இழுத்து எடுக்கும் எச்சத் தட்டு இன்னொரு நல்ல அம்சம். ஆனால் அது மெல்லிய தகரம். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து அரித்துவிடும். அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெட்டி மேலே வையுங்கள். அதன்மேல் 2 செ.மீ. உமி. செபராங் பிறை வடக்கில் வயல் பக்கம் இருப்பவர்களுக்கு உமி கிடைப்பது சுலபம், மற்றவர்கள் மரச்சுருள் வாங்கலாம். தளவாடப் பட்டறைத் தூளை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதில் பசைப் பலகைத் தூளும் மருந்திட்ட மரத்தூளும் கலந்திருக்கும், அந்த நுண்தூள் கோழியின் மூச்சுக்கும் ஆகாது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கொட்டினால் நாற்றம் வராது. கூட்டுக்குள் தலையை நீட்டும்போது கண் எரிந்தால் கோழிக்கு அது ஏற்கெனவே அதிகம். எங்கோ ஈரம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணம் சிந்தும் இடமாக இருக்கும். எச்சத்தை அப்படியே கீரைக்கும் மிளகாய்ச் செடிக்கும் போடாதீர்கள், வேர் கருகும். காய்ந்த இலையோடு கலந்து மூன்று நான்கு மாதம் மக்கவிட்டுப் பிறகு போடுங்கள்.

கூட்டின் கால்களை மண்ணில் நேராக வைத்தால் கரையான் வரும். நான்கு சிமெண்டுக் கல்லின் மேல் வையுங்கள், காலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தகரத் துண்டு. எறும்புக்காகச் சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பதுபோல் தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிடும், 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் வரும். கோழி குடிக்கும் தண்ணீரையும் நாள்தோறும் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்து மாற்றுங்கள். கோழி அம்மையைப் பரப்புவதும் கொசுதான்.

ஒரு முட்டைக் கோழி நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். இரண்டு கோழிக்கு மாதம் 7 கிலோ. இரவில் தீவனப் பாத்திரத்தை உள்ளே எடுத்துவிடுங்கள், மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். எலி வந்தால் எலிக்காய்ச்சல் வீட்டுக்கே வரும். முட்டைக்கான அரசாங்க உதவித்தொகை 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி நின்றதிலிருந்து வீட்டில் கோழி வளர்த்தால் மிச்சம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். தீவனம், கூடு, வலை, தகரம் எல்லாம் கணக்குப் பார்த்தால் மிச்சம் எதுவும் நிற்காது. கோழி பிடித்திருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அனுமதி

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி விலங்கு, பறவை வளர்ப்புக்கான துணைச் சட்டங்களை அந்தந்த மன்றங்கள் வகுக்கலாம். எனவே பினாங்கு தீவிலா, செபராங் பிறையிலா, கோலாலம்பூரிலா என்பதைப் பொறுத்து உங்கள் மாநகர் மன்றத்திடமே முதலில் கேளுங்கள். காவல் போட்ட குடியிருப்பு என்றால் அதன் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். அடுக்குமாடி மாடத்துக்கு இந்தக் கூடு வேண்டவே வேண்டாம். அனுமதி இருந்தாலும் சேவல் வாங்காதீர்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, விடியற்காலை நான்கு மணிக் கூவல் ஒன்றே பக்கத்து வீட்டாரைப் புகார் எழுத வைக்கும்.

மூன்று கோழிக்கு

வெல்டிங் பட்டறையில் 8 அடிக்கு 4 அடி, முன்பக்கம் ஆறரை அடி, பின்பக்கம் ஐந்தரை அடி உயரத்தில் ஒரு சட்டம் சொல்லுங்கள். ஓர் அங்குலச் சதுர ஹாலோ இரும்பு, 1.2 மி.மீ. தடிமன். 20 அடிக் கம்பி ஆறு இருந்தால் கதவும் சேர்த்து முடிந்துவிடும். 8 அடி நீளத் தகரம் நான்கு, 3 அடி அகல அரை அங்குல வலை 20 மீட்டர். பின்பக்கம் இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் பலகைத் தடுப்பு, அதையொட்டித் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் உட்காரும் கட்டை. மூடிய அறை தேவையே இல்லை. ஆள் நிமிர்ந்து உள்ளே போய்க் கூட்டலாம், இந்தப் பெட்டிக்கூட்டில் முதுகு வளைத்துச் செய்யும் வேலை அத்தனையும் அங்கே இல்லை. பற்றவைத்த மூட்டுகளில் துருத்தடுப்புச் சாயம் அடிக்கச் சொல்ல மறக்காதீர்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

இடம் சிறியது, வாடகை வீடு, இரண்டே கோழி, மாறும்போது கழற்றி எடுத்துப் போக வேண்டும் என்பவர்களுக்குப் பெட்டிக்கூடு பொருந்தும். வந்த அன்றே பிரிப்பதைப் படமெடுத்துக்கொண்டு பலகைகளை எண்ணுங்கள். பூஞ்சணம் பூத்த பலகை, பிளந்த சட்டம், எண்ணிக்கை குறைந்த கீல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் பூட்டி முடித்தபின், கோழி வாங்கும் முன், இரண்டு சோதனை. கூரைமேல் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் சாய்வாக அடித்துவிட்டு உள்ளே கையை விட்டுப் பாருங்கள். அன்று இரவு கூட்டுக்குள் ஒரு விளக்கை வைத்து, கதவுகளை மூடி, வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வலைக்கண் அல்லாத இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அதை அடைத்த பிறகே கோழிக்குச் சொல்லி அனுப்புங்கள்.